டெம்பா அண்ணையின் ஊர்

ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு முதன்முதலாக வருகிறவர்கள் டெம்பா அண்ணையை இரண்டு தரம் பார்ப்பார்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஓர் ஆபிரிக்கர் இரண்டு கையிலும் தகடு பிடித்துக் கொத்துரொட்டி அடிக்கிறாரே என்று முதல் தரம். அவர் வாய் திறந்த பிறகு இரண்டாந் தரம்.

"உறைப்புக் கூடப் போடவோ, அளவாப் போடவோ? ஆட்டுக்கறி முடிஞ்சுது, கோழிதான் கிடக்கு. அவதிப்படாதேங்கோ, அஞ்சு நிமிசம்."

வந்தவர் அவரை மேலும் கீழும் பார்ப்பார். பிறகு, எங்கள் சனம் யாரைக் கண்டாலும் கேட்கிற அதே கேள்வியை அவரிடமும் கேட்பார்.

"நீங்கள் ஊரிலை எவடம் அண்ணை?"

"கும்பி சாலே."

போன மாசியில் ஒருவர், தொப்பியில் கிடந்த பனியைத் தட்டிக்கொண்டு, "அது வடமராட்சிப் பக்கமோ?" என்று, அதையும் ஒரு யாழ்ப்பாணத்து ஊராக நினைத்து, உண்மையாகவே கேட்டார்.

"அதுக்குக் கொஞ்சம் மேற்காலை, தம்பி," என்றார் டெம்பா அண்ணை, கை நிற்காமல். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். கேட்டவரும் சிரித்தார்.

கும்பி சாலே, மேற்கு ஆபிரிக்காவில் இருந்த ஒரு பேரரசின் தலைநகரம். அந்த அரசுக்கு அவர்களுடைய சொனின்கே மொழியில் வாகடு என்று பெயர். அரபு மொழியில் எழுதியவர்கள் கானா என்றார்கள். இன்றைக்குக் கானா என்று சொல்லுகிற நாடு அது இல்லை, அது வேறு இடம். ஆயிரம் வருசத்துக்கு முந்திப் பொன்னாலே பேரெடுத்த அந்த நகரம் இப்போது மொரித்தானியா நாட்டில் மணலோடு மணலாகக் கிடக்கிறது. டெம்பா அண்ணை பிறந்தது அங்கே இல்லை. மாலி நாட்டில் நியோரோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஆனாலும் யார் ஊர் கேட்டாலும் மணலுக்குள் போன அந்தத் தலைநகரைத்தான் சொல்லுவார்.

"பிறந்தது ஒரு இடம், சொல்லுறது ஒரு இடம். இதென்ன ஐசே கள்ள விலாசம்?" என்று, கடையில் காசு வாங்குமிடத்தில் நிற்கிற வாகீசன் அண்ணை அடிக்கடி பகிடி விடுவார்.

"எங்கட ஐயா அப்பிடித்தான் சொல்லித் தந்தவர். சனம் நாலு பக்கமும் கலைஞ்சு போச்சுது. ஆனா வெளிக்கிட்டது ஒரு வாசலாலை. அந்த வாசலைச் சொல்லவேணும் எண்டு."

டெம்பா வாகே என்பது அவருடைய முழுப்பெயர். சிறு வயதில் குர்ஆன் பள்ளியில் அரபு எழுத்துப் படித்தவர். இருபத்திரண்டு வயதில் பரிஸுக்குப் போய்க் கோப்பை கழுவினார். பிறகு மொன்றியல், அதற்குப் பிறகு ரொறன்ரோ. இங்கே வந்த முதல் மாரியில் வீதிக்கு உப்புப் போடுகிற ட்ரக்கில் வேலை கிடைத்தது. அந்தக் கதையை, குசினியில் இடியப்பம் அவிக்கிற எனக்கு அவர் சொல்லுவதைக் கேட்க வேண்டும்.

"தங்கச்சி, எங்கட அரசன் ஒரு கழுதைச் சுமை உப்பு ஊருக்குள்ளை வந்தால் ஒரு பொற்காசு வாங்கினவன். வெளியாலை போனால் ரெண்டு. இஞ்சை நான் பன்ரண்டு மணித்தியாலம் உப்பை அள்ளி அள்ளி றோட்டிலை எறிஞ்சன். ஐயா கண்டிருந்தால் அடிச்சிருப்பார்."

பிறகு பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸ். அங்கே அவரோடு பெட்டி தூக்கியவர்தான் இன்றைக்கு எங்கள் முதலாளியாக இருக்கிற அன்புராசா. அன்புராசா ஸ்காபரோவில் இந்த ரேக் அவுட் கடையைத் திறந்தபோது, "என்னோடை வாறியோ?" என்று ஒரு சொல் கேட்டார். டெம்பா அண்ணை வந்தார். பத்தொன்பது வருசமாகிறது. எங்கள் குசினியில் அவர் முதல் படித்த தமிழ்ச் சொல் 'கெதியா', அதாவது சீக்கிரம். இரண்டாவது சொல் 'கெதியா கெதியா'.

அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மூலையைத் தானே கழுவித் துடைத்து வைத்திருக்கிறார். நேரம் வந்தால் பாயை விரித்துத் தொழுதுவிட்டு வருவார். எதிர்ச் சுவரில் எங்கள் பிள்ளையார் படம் இருக்கிறது. காலையில் நான் விளக்கேற்றும்வரை கொத்துத் தகட்டைத் தொடமாட்டார், சத்தம் போடக்கூடாதாம். அவருடைய நோன்பு மாதத்தில் கறிக்கு உப்புப் பார்ப்பது நான். என்னுடைய கந்தசஷ்டி விரதத்தில் உப்புப் பார்ப்பது அவர். கடவுள் எங்கள் இரண்டு பேருடைய நாக்கையும் இப்படிப் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்.

போன புரட்டாதியில் அவருடைய மகள் ஹாவாவுக்குக் கலியாணம். ஹாவா தாதியாக வேலை செய்கிறாள். நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை. மாப்பிள்ளை இப்ராகிமாவும் சொனின்கேதான். அவருடைய தகப்பன் பக்கரி சில்லா பிறம்ரனில் ஏழு ட்ரக் ஓட்டுவிக்கிற பெரிய மனிதர். கலியாணப் பேச்சு முடிந்த கையோடு சில்லா ஒருநாள் எங்கள் கடைக்கு வந்தார். நின்றபடியே சுற்றிவரப் பார்த்தார். தங்கள் மொழியில் சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னார். டெம்பா அண்ணையும் சிரித்தார், ஆனால் சில்லா போன பிறகு தகடு இரண்டையும் கீழே வைத்துவிட்டார்.

"என்ன சொல்லிப்போட்டுப் போறார்?" என்று அன்புராசா கேட்டார்.

"பகிடிதான். 'உன்ர பிள்ளை தமிழ்ச் சாப்பாட்டிலை வளந்தது. நீ ரொட்டி அடிக்கிறாய். கலியாணத்திலை உன்ர வாசலைச் சொல்ல ஆர் இருக்கினம்? சில்லாக்களுக்கு ஆள் இருக்கு, வாகேக்களுக்கு ஆர்?' எண்டு கேட்டவர்."

எங்களுக்கு விளங்கவில்லை. அப்போதுதான் டெம்பா அண்ணை அவர்களுடைய வழக்கத்தைச் சொன்னார். அவர்களில் பரம்பரை பாடிச் சொல்லுவதற்கென்றே ஆட்கள் உண்டு. கெசெரே என்பார்கள். கலியாணத்தில் அந்த ஆள் எழும்பி, இந்தப் பெண் எந்த ஊரிலிருந்து வந்த சனம், அந்த ஊர் எப்படிப்பட்டது என்று சபையில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கலியாணம் நடக்காது என்றில்லை. ஆனால் அந்தப் பெண் ஊரில்லாத பிள்ளையாகத்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள்.

"நியூயோர்க்கிலை ஒருத்தரைப் பிடிச்சு வைச்சிருக்கிறன்," என்றார் டெம்பா அண்ணை. "அவர் வாய் திறந்தால் சில்லா வாய் மூடவேணும்."

கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய் மத்தியானம் நியூயோர்க்கிலிருந்து போன் வந்தது. அந்தக் கெசெரேயின் பத்திரங்களில் ஏதோ குறை, எல்லை கடக்க முடியாது, வரமாட்டார். டெம்பா அண்ணை போனை வைத்துவிட்டு, வெங்காயம் வெட்டுகிற மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். பத்தொன்பது வருசத்தில், தொழுகைக்கு அல்லாமல், மத்தியான வேளையில் கொத்துச் சத்தம் நின்றது அன்றைக்குத்தான். வெளியே நின்றவர்கள் கூட எட்டிப் பார்த்தார்கள்.

"உமக்குத் தெரியும்தானே உம்மட கதை," என்றார் வாகீசன் அண்ணை. "நீரே எழும்பிச் சொல்லும்."

"அது ஏலாது."

"ஏன் ஏலாது? வாய் இல்லையோ?"

"தன்ர பெருமையைத் தானே சொல்லுறது எங்களிலை உடுப்பில்லாமல் சபையிலை நிக்கிறமாதிரி. இன்னொரு வாய்தான் சொல்லவேணும்."

"மரியாம் அக்கா சொல்லட்டுமே," என்றேன் நான். மரியாம் அவருடைய மனைவி.

"வீட்டு வாயெல்லாம் ஒரே வாய், தங்கச்சி. வெளி வாய் வேணும்."

வாகீசன் அண்ணை காசுப் பெட்டியைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தார். "வெளி வாய்தானே ஐசே வேணும்? இஞ்சை நிக்கிற வாய் காணாதோ?"

"உன்ர வாய் மூண்டு கலியாணத்துக்குக் காணும்," என்றார் அன்புராசா.

பகிடியாகச் சொன்னாலும் அது உண்மை. ஸ்காபரோவில் கலியாணமோ, பிள்ளை பெரியவளாகிற சாமத்தியவீடோ எதுவென்றாலும் வாகீசன் அண்ணை ஒரு வாழ்த்துமடல் எழுதி, சட்டம் போட்டு, மேடையேறி வாசித்துக் கையில் கொடுப்பார். எங்கள் சனத்துக்கு அந்த மடல் இல்லாமல் விழா இல்லை. அதில் ஆளைப் புகழ முந்தி ஊரைப் புகழ வேண்டும், அதுதான் முறை. பெண் மாப்பிள்ளையின் பெயர் மூன்றாம் பந்தியில்தான் வரும்.

டெம்பா அண்ணை நிமிர்ந்து பார்த்தார். "எங்கட ஊரைச் சொல்லுவியளோ?"

"சொல்லுவன். நாளைக்குக் கொண்டு வாறன்."

அடுத்த நாள் வந்த மடல் இப்படித் தொடங்கியது. எல்லாரும் கேட்க வாகீசன் அண்ணை குரலெடுத்து வாசித்தார்.

"அலைகள் தாலாட்டும் கடலோரம், தாமரை பூத்த தடாகங்கள், தென்னையும் பனையும் தலையசைக்க, ஆலயமணி துயிலெழுப்பும் எழில்மிகு கும்பி சாலேப் பதியிலே..."

டெம்பா அண்ணை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மெல்லக் கேட்டார்.

"வாகீசன், கடல் எங்காலை வந்தது?"

"ஊர் எண்டால் கடல் வேணும்தானே."

"எங்கட ஊரிலையிருந்து கடலுக்குப் போறதெண்டால் ஒட்டகத்திலை ஒரு மாசம்."

"அப்ப ஒரு ஆறு போடுவம்."

"ஆறும் இல்லை."

"குளம்?"

"கிணறு இருந்தது. நல்ல தண்ணி."

"தாமரை?"

"வாகீசன், மணல்."

அன்புராசா கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "போன மாசம் சாமத்தியவீட்டிலை வாசிச்சதும் இதே கடல்தானே ஐசே! அது வவுனியாப் பிள்ளை, அங்கை ஏது கடல்?"

"வவுனியாச் சனம் ஒண்டும் சொல்லேல்லையே! கை தட்டினவை!"

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். டெம்பா அண்ணை சிரிக்கவில்லை. மடலை வாங்கி மடித்து வாகீசன் அண்ணையின் சட்டைப் பையில் வைத்தார்.

"நல்லா எழுதியிருக்கிறியள். ஆனா அங்கை சில்லா இருப்பார். கடல் எண்டு சொன்ன உடனை சிரிப்பார். பேந்து என்ர பிள்ளை காலம் முழுக்க அந்தச் சிரிப்பைக் கேக்கவேணும். வேண்டாம். ஒண்டும் சொல்லாமல் விடுவம்."

"மணலை வைச்சு என்னெண்டு ஐசே நான் பெருமை எழுதுறது?" என்றார் வாகீசன் அண்ணை. அவருடைய குரலும் இறங்கிவிட்டது.

நான் இடியப்பத் தட்டுகளை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து கேட்டேன். "அண்ணை, அந்த ஊர் ஊராய் இருந்த காலத்திலை, கண்டவை ஆரும் எழுதி வைக்கேல்லையோ?"

டெம்பா அண்ணையின் முகத்தில் ஏதோ திறந்தது.

"எழுதினவர் ஒருத்தர் இருக்கிறார். அரபிலை. ஸ்பெயின் நாட்டிலை இருந்த பெரிய படிச்ச மனுசன். அவர் ஒருநாளும் எங்கட ஊருக்குப் போகேல்லை, தங்கச்சி. போய் வந்த வியாபாரியளைக் கூப்பிட்டுவைச்சுக் கேட்டுக் கேட்டு எழுதினவர். ஆயிரம் வருசமாச்சு, இண்டைக்கும் எல்லாரும் அவர் எழுதினதைத்தான் வாசிக்கினம்."

"காணாத ஆளோ எழுதினது?" என்றார் வாகீசன் அண்ணை.

"காணாத ஆள்தான். ஆனா கேட்டு எழுதினவர்."

வாகீசன் அண்ணை சட்டைப் பையிலிருந்த மடலை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். "அப்ப நானும் கேட்டு எழுதுறன். சொல்லும்."

கலியாணத்துக்கு மிச்சமிருந்த மூன்று நாளும் எங்கள் குசினியில் வேறு கதையே இல்லை. வாகீசன் அண்ணைக்கு முன்பக்கம் ஆட்களைக் கவனிக்க வேண்டும். அதனால் டெம்பா அண்ணை சொல்லச் சொல்ல நான் ஓடர் எழுதுகிற துண்டுகளில் குறித்து, சம்பல் பெட்டிகளோடு சேர்த்து முன்னுக்கு அனுப்பினேன். ஒருமுறை துண்டு மாறிப்போய், "பன்ரண்டு பள்ளிவாசல்" என்று வாகீசன் அண்ணை சத்தமாகக் கூப்பிட, நின்ற ஒருவர், "அது என்னுடையதில்லை, என்னுடையது பன்ரண்டு ரோல்ஸ்," என்றார்.

கும்பி சாலே ஒரு ஊர் இல்லை, இரண்டு ஊர். ஒன்றில் முஸ்லிம் வியாபாரிகள் இருந்தார்கள். அங்கேதான் அந்தப் பன்னிரண்டு பள்ளிவாசல். மற்றதில் அரசன் இருந்தான். இரண்டுக்கும் நடுவில் ஆறு மைல், அந்த ஆறு மைலும் வீடுகள். வீடுகள் கல்லாலும் முள்மரத்தாலும் கட்டியவை. அரசனுடைய வாசலில் நல்ல சாதி நாய்கள் காவல் இருந்தன, அவற்றின் கழுத்துப்பட்டியே பொன்னும் வெள்ளியும். அரசன் சனத்தின் முறைப்பாடு கேட்க உட்கார்ந்தால் பத்துக் குதிரைகளைப் பொன்னாடை போர்த்திச் சுற்றி நிறுத்துவார்கள். மரத்தைக் குடைந்து செய்த பெரிய பறையை அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் குறை உள்ளவன் எவனும் வரலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அரசன் முஸ்லிம் இல்லை. அவனுக்குத் தன் தெய்வம், தன் காடு, தன் பூசாரிகள் இருந்தார்கள். ஆனாலும் தன் வாசலுக்குக் கிட்டவே, வந்து போகிற முஸ்லிம்கள் தொழுவதற்கு ஒரு பள்ளிவாசல் இருக்க விட்டிருந்தான். அவனுடைய சமயத்து ஆட்கள் அவனைக் கண்டால் முழங்காலில் விழுந்து தலையில் மண் அள்ளிப் போட வேண்டும். முஸ்லிம்களுக்கு அது முறையில்லை என்பதால் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவர்கள் கை தட்டினால் போதும், அதுவே வணக்கம். இதைக் கேட்டபோது நான் அந்த மூலையில் விரித்த பாயையும் எதிரே பிள்ளையார் படத்தையும் பார்த்தேன். அந்த அரசன் நல்லவனாகத்தான் இருந்திருப்பான்.

"இப்ப அங்கை என்ன இருக்கு அண்ணை? நீங்கள் போனனீங்களோ?"

"ஒருக்காப் போனனான். பரிஸுக்கு வெளிக்கிட முந்தி, சித்தப்பாவோடை, ஒரு லொறியிலை. வியாபாரியளின்ர ஊரைக் கொஞ்சம் தோண்டி எடுத்திருக்கினம். பெரிய பள்ளிவாசலின்ர கல்லு கிடக்கு. அதுக்குள்ளை நிண்டு தொழுதனான். சுத்திவர ஆடு மேஞ்சுது."

"அரசன்ர ஊர்?"

"அதை இண்டைவரைக்கும் ஒருத்தரும் காணேல்லை, தங்கச்சி. தேடுகினம். இது அந்தத் தலைநகரமே இல்லை எண்டு சொல்லுறவையும் இருக்கினம். மணல் விடுகுதில்லை."

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மருமகனின் காரில் றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போனேன். எனக்கென்று எதுவும் கேட்கவில்லை. வாகீசன் அண்ணையின் வாய்க்குள் கடல் வந்துவிடக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து, மத்தியானம் ஸ்காபரோவில் ஒரு ஹோலில் விருந்து. சமையல் முழுக்க எங்கள் கடைதான். டெம்பா அண்ணையை அன்றைக்கு அடுப்புப் பக்கம் வரவேண்டாம் என்று அன்புராசா சத்தியம் வாங்கியிருந்தார். நீல நிறத்தில் நிலம் தொடும் அங்கி போட்டு அவர் வந்து நின்றபோது எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. மரியாம் அக்கா பொன்னிறத் தலைப்பாகை கட்டியிருந்தார். ஹாவாவைப் பார்த்து நான் கண்ணூறு கழித்துக்கொண்டேன்.

முதலில் மாப்பிள்ளை பகுதி. மொன்றியலிலிருந்து வந்த அவர்களுடைய ஆள் எழும்பி அரை மணித்தியாலம் சில்லாக்களைப் பாடினார். கம்பீரமான குரல். பெண்கள் எழும்பிப் போய் அவர் கையில் காசு வைத்தார்கள். முடிந்ததும் முன்வரிசையிலிருந்த பக்கரி சில்லா திரும்பிப் பெண் பகுதியைப் பார்த்தார். சபை முழுவதும் பார்த்தது. டெம்பா அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாகீசன் அண்ணை எழும்பினார். பட்டு வேட்டி, சால்வை, கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட மடல். சபையில் ஒரு சலசலப்பு. அவர் எதையும் பாராமல் மேடையேறி, தொண்டையைச் செருமி, வாசித்தார். நல்ல தமிழ். முதல் பந்தி முடிகிறபோதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஹோலில் இருக்கிற முந்நூறு பேரில் இருபது பேருக்குத்தான் தமிழ் தெரியும். மூன்று நாளாகச் சொல்லுத் தேடினோம், துண்டு எழுதினோம், சட்டம் போட்டோம். கேட்கிறவர்களுக்கு விளங்குமா என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. எங்கள் சனம் மடல் என்றால் தமிழ் என்றுதான் நினைக்கும்.

அந்த ஹோலில் தமிழும் சொனின்கேயும் தெரிந்தவர் ஒரேயொருவர்தான். அவர் வாய் திறக்கக்கூடாத டெம்பா அண்ணை.

வாகீசன் அண்ணைக்கும் அது விளங்கிவிட்டது. நிறுத்திவிட்டு எங்கள் மேசையைப் பார்த்தார். அப்போது அன்புராசாவின் மனைவி துர்க்கா எழும்பினாள். ஸ்காபரோவில் வளர்ந்த பிள்ளை, பாங்க் ஒன்றில் பெரிய வேலை.

"அண்ணை, நீங்கள் ஒவ்வொரு பந்தியா வாசியுங்கோ. நான் இங்கிலிசிலை சொல்லுறன்."

அவள் சொல்லச் சொல்ல இளம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் முன்வரிசையில், மாலியிலிருந்து கலியாணத்துக்கென்று வந்திருந்த சில்லாவின் மூத்த தமக்கை, வெள்ளைத் துணி போர்த்த பெரிய மனுசி, கைத்தடியால் நிலத்தைத் தட்டினார். என்னவோ சத்தமாகக் கேட்டார். பிறகு டெம்பா அண்ணை சொல்லித்தான் தெரியும், அவர் கேட்டது இது: "அந்தப் பிள்ளை என்ன சொல்லுது? எங்கட ஊரின்ர பேர் கேக்குதே!"

மொன்றியல் பாடகருக்கு இங்கிலிஷ் தெரியாது. தமக்கை திரும்பித் தம்பியைப் பார்த்தார். பக்கரி சில்லா அங்கியைச் சரிசெய்துகொண்டு எழும்பி, துர்க்காவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

இப்படித்தான் அந்த மடல் வாசிக்கப்பட்டது. வாகீசன் அண்ணை தமிழில் சொன்னார். துர்க்கா இங்கிலிஷில் சொன்னாள். சில்லா சொனின்கேயில் சொன்னார்.

"கடலில்லை, ஆறில்லை. ஆனாலும் உப்பும் பொன்னும் தேடி வந்த ஊர்."

சில்லா சொன்னார். தமக்கை தலையாட்டினார்.

"கல்லாலே கட்டிய ஊர். ஆறு மைலுக்கு விளக்கெரிந்த ஊர். பன்னிரண்டு பள்ளிவாசலில் பாங்கு கேட்ட ஊர். குறை உள்ளவன் வரட்டும் என்று அரசன் பறையடித்துக் கூப்பிட்ட ஊர்."

சில்லா சொன்னார். இப்போது அவருடைய குரல் பெருத்திருந்தது.

"அரசனின் ஊரை மணல் இன்னும் திருப்பித் தரவில்லை. தராவிட்டாலும் அந்த வாசலால் வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வாசலால் வந்தவர் டெம்பா வாகே. அவருடைய மகள் ஹாவா."

இதைத் துர்க்கா சொல்லி முடித்ததும் சில்லா அவளிடம் திரும்பி, "இன்னொருக்காச் சொல்லு," என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் சொனின்கேயில் சொன்னது இங்கிலிஷை விட நீளமாக இருந்தது. சொல்லும்போது ஒரு கை நெஞ்சில் இருந்தது. வயதான பெண்கள் சிலர் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள்.

கடைசி வரி என்னுடைய துண்டிலிருந்து வாகீசன் அண்ணை எடுத்தது. "அந்த ஊரில் அரசனைக் கண்டால் முஸ்லிம்கள் மண்ணில் விழத் தேவையில்லை. கை தட்டினால் போதும், அதுவே வணக்கம்."

சில்லா அதைச் சொன்னார். சொல்லிவிட்டு டெம்பா அண்ணையின் பக்கம் முழுதாகத் திரும்பினார். இரண்டு கையையும் உயர்த்தித் தட்டினார். ஒரு தட்டு, இன்னொரு தட்டு. தமக்கை கைத்தடியைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டுத் தட்டினார். பிறகு ஹோல் முழுவதும் தட்டியது. எங்கள் மேசையிலும் தட்டினோம். நான் முஸ்லிம் இல்லை, எனக்கு வேறு வணக்கம் என்று அந்த நேரம் தோன்றவில்லை.

டெம்பா அண்ணை எழும்பவில்லை. தலை நிமிர்ந்து, நேரே பார்த்தபடி, கை இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார். அப்படி உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதரை நான் இந்த நாட்டில் வேறெங்கும் கண்டதில்லை. ஹாவா தகப்பனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அழுதாள்.

சாப்பாட்டு நேரம் வாகீசன் அண்ணை, "சில்லா நீட்டி என்னவோ சொன்னார், அது என்ன?" என்று கேட்டார்.

"நீங்கள் எழுதாததை," என்றார் டெம்பா அண்ணை. "'சில்லாக்களும் அந்த வாசலாலைதான் வந்தவை. எங்கள் எல்லாருக்கும் அதுதான் ஊர்' எண்டு தன்ர வாயாலை சேத்தவர்."

"என்ர மடலிலை கை வைச்சிட்டாரோ மனுசன்!"

"திருத்தியிருக்கிறார்," என்றார் அன்புராசா. "நல்லகாலம், கடலை வைக்கேல்லை."

அந்தச் சட்டம் போட்ட மடலைச் சில்லாவின் தமக்கை மாலிக்குக் கொண்டு போய்விட்டார். தமிழில் எழுதிய மடல். அவருடைய வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறதாம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொத்துச் சத்தம் பழையபடி கேட்டது. ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியிருக்கிற ஒரு தம்பதி முதல் தரமாகக் கடைக்கு வந்தார்கள். டெம்பா அண்ணை பேசுவதைக் கேட்ட மனைவி முன்னுக்கு வந்தாள்.

"அண்ணை, நீங்கள் ஊரிலை எவடம்?"

டெம்பா அண்ணை வாய் திறந்தார். அதற்குள் வாகீசன் அண்ணை காசுப் பெட்டிக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி மறித்தார்.

"அவர் சொல்லக்கூடாது, பிள்ளை. நான்தான் சொல்லவேணும். கும்பி சாலே. உப்புக்குப் பொன் வாங்கின ஊர், நாய்க்குப் பொன்பட்டி போட்ட ஊர். கொஞ்சம் இருங்கோ, முழுக்கச் சொல்லுறன்."

"முதல் சாப்பாட்டைச் சொல்லட்டும், வாகீசன்," என்றார் டெம்பா அண்ணை. "ஆட்டுக்கறியோ, கோழியோ தங்கச்சி?"